சனிக்கிழமை வகுப்பும் நுழைவுத்தேர்வும்

கந்தர்வக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகிற நெடுஞ்சாலையில் ஆதனக்கோட்டை வந்ததும் முந்திரிக் கடைகள் தொடங்கிவிடும். பருப்பு உருவாகிற இடம் கடைக்குப் பின்னால் கொட்டகையில் இருக்கிறது. அகன்ற இரும்புச் சட்டியில் கொட்டையைக் கொட்டி வறுக்கிறார்கள். சூடேறியதும் ஓட்டிலிருக்கும் எண்ணெய் கசிந்து சட்டியே தீப்பிடிக்கும். கண்ணைக் கரிக்கும் கரும்புகை எழும். பதம் பார்த்துத் தண்ணீர் தெளித்து, தரையில் கொட்டிச் சாம்பலில் புரட்டுவார்கள். ஆறிய கொட்டையைக் கல்லில் நிறுத்திக் கட்டையால் ஒரு தட்டு. ஓங்கித் தட்டினால் பருப்பு நொறுங்கும், மெதுவாகத் தட்டினால் ஓடு விடாது. எண்ணெய் பட்டால் தோல் உரியும் என்பதால், உடைக்கிற பெண்கள் விரல்களில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். முழுப் பருப்புக்கு ஒரு விலை, பாதிக்கு ஒரு விலை, குருணைக்கு ஒரு விலை.

இந்த விலை எங்கே முடிவாகிறது? உலகிலேயே அதிகமாக முந்திரிக்கொட்டை விளைவது மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில். அதை வாங்கி இயந்திரத்தில் உடைத்து அதிகமாகப் பருப்பு ஏற்றுமதி செய்வது வியட்நாம். இந்தியாவும் தன் ஆலைகளுக்கு உள்ளூர்க் கொட்டை போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்து வரவழைக்கிறது. 2018 நிதிநிலை அறிக்கையில் அந்த இறக்குமதி வரி 5 விழுக்காட்டிலிருந்து 2.5 ஆகக் குறைந்தது. ஆலைக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். அதே ஆண்டு நவம்பரில் கஜா புயல் வந்து எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துத் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. ஊரில் மரம் விழுந்த ஆண்டிலேயே வெளிநாட்டுக் கொட்டைக்குக் கதவு இன்னும் கொஞ்சம் அகலத் திறந்திருந்தது. வரியைக் குறைத்தவர்களுக்கும் புயலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர் தலையில் மட்டும் இரண்டும் சேர்ந்து விழுந்தன.

சந்தை, வரி, துறைமுகம், வல்லரசு, கடன் என்று இதையெல்லாம் ஒன்றாக வைத்துப் படிக்கிற முதுகலைப் படிப்பு இந்தியாவிலும் உண்டு, இலங்கையிலும் உண்டு. பாடத்திட்டத்தை அருகருகே வைத்துப் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாது. இரண்டிலும் புவிசார் அரசியல் கோட்பாட்டாளர்களான மெக்கிண்டர் வருவார், மாஹன் வருவார், பிரெட்டன் வுட்ஸ் நிதி ஏற்பாடு வரும், உலக வர்த்தக நிறுவனம் வரும். வேறுபாடு வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களிடம் இருக்கிறது. இந்தியாவில் இது வேலைக்கு முந்திய படிப்பு. இலங்கையில் வேலைக்குப் பிந்திய படிப்பு. மற்ற வேறுபாடுகள் பலவும் இந்த ஒன்றிலிருந்து முளைத்தவை என்றே எனக்குப் படுகிறது.

இந்தியாவில் இதன் தாய்வீடு தில்லி. உலக விவகாரங்களுக்கான இந்தியக் கவுன்சில் 1955-இல் சப்ரு ஹவுஸில் ஒரு பள்ளியைத் தொடங்கியது. 1970-இல் அது ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்து பன்னாட்டு ஆய்வுப் பள்ளி ஆனது. பன்னாட்டு உறவுகளில் ஒரு முதுகலை, உலகப் பொருளாதாரத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட பொருளியலில் இன்னொரு முதுகலை என்று இரண்டும் அந்த ஒரே பள்ளியின் கீழ் நடக்கின்றன. பள்ளியின் முதல் இயக்குநர் ஏ. அப்பாதுரை. இவர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர். 1936-இல் அந்தப் பல்கலைக்கழகம் வெளியிட்ட அவருடைய ஆய்வு, கி.பி. 1000 முதல் 1500 வரையிலான தென்னிந்தியப் பொருளாதார நிலை பற்றியது. நம் பக்கத்து வணிகக் குழுக்களையும் சந்தைகளையும் சுங்கத்தையும் கல்வெட்டுகளிலிருந்து தேடி எடுத்தவரிடம்தான் சுதந்திர இந்தியா தன் பன்னாட்டுப் படிப்பை ஒப்படைத்தது. எங்கள் மாவட்டத்து முனிசந்தையில் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் பழைய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதே குழுவினர் கல்வெட்டு வைத்த ஊர்கள் இலங்கையிலும் உண்டு, சுமத்திராவிலும் உண்டு. தில்லியில் முதுகலை படிக்கிற புதுக்கோட்டைப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

இலங்கையில் ஒரே தாய்வீடு என்று எதையும் காட்ட முடியாது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உறவுகளுக்குத் தனித்துறை இருக்கிறது. ஷெல்டன் கொடிக்கார போன்றவர்கள் பாடம் நடத்தி வளர்த்த மரபு அது. இரத்மலானையில் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வெளியுறவு அமைச்சின் கீழ் இராஜதந்திரப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கொழும்பில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டப வளாகத்துக்குள் 1974 முதல் பண்டாரநாயக்க சர்வதேசக் கற்கைகள் நிலையம் நடக்கிறது. அந்த மண்டபம் சீனா கட்டிக்கொடுத்தது, 1973-இல் திறந்தார்கள். சீனாவின் செல்வாக்கைப் பற்றிய வகுப்புக்குச் சீனா கட்டிய வளாகத்துக்குள் நடந்து போகிற வாய்ப்பு வேறு எந்த ஊர் மாணவருக்குக் கிடைக்கும்!

இலங்கையில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் சீர்திருத்தத்தால் 1945-லிருந்து கல்வி இலவசம். அரசுப் பல்கலைக்கழகத்தில் முதல் பட்டம்வரை கட்டணம் கிடையாது. பட்டமேற்படிப்புக்கு அந்தக் குடை நீளவில்லை. பாடநெறி முதுகலைக்கு இலங்கை ரூபாயில் இலட்சக்கணக்கில் கட்ட வேண்டும். சம்பளம் வாங்குகிறவரால்தான் கட்ட முடியும் என்பதால் வகுப்புகளும் சம்பளக்காரரின் வசதிக்கேற்ப அமைந்தன: சனி, ஞாயிறு. யாழ்ப்பாணத்தில் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே கொழும்பில் முதுகலை முடித்த நண்பர் ஒருவர் சொன்னார்: "வெள்ளிக்கிழமை வேலை முடிய இரவு பஸ். சனி, ஞாயிறு வகுப்பு. திங்கள் விடிய யாழ்ப்பாணத்தில இறங்கி, குளிச்சுப்போட்டு நேர வங்கிக்குப் போவன்."

அவர் வகுப்பில் கடற்படை அதிகாரி ஒருவர், அமைச்சுகளில் உதவிப் பணிப்பாளர்கள், பத்திரிகைக்காரர், பாடசாலை ஆசிரியர், கப்பல் முகவர் நிறுவனத்துக்காரர் என்று கலவையாக இருந்தார்களாம். கொழும்புத் துறைமுகம் இந்தியச் சரக்கை எப்படி மாற்றி ஏற்றுகிறது என்று விரிவுரையாளர் தொடங்கினால், கட்டண விவரத்தோடு முடித்துவைப்பவர் அந்தக் கப்பல் முகவர். கொழும்பில் மாற்றி ஏற்றப்படும் கொள்கலன்களில் பெரும்பகுதி இந்தியாவுக்கு வருவது அல்லது இந்தியாவிலிருந்து போவது. அந்தச் சரக்குக்குப் போட்டியாகக் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்டபோது, கொழும்பில் அந்த மாதிரி வகுப்பில் அது பாடமாக மட்டும் இருந்திருக்காது. யாரோ ஒருவருடைய நிறுவனத்தின் அடுத்த ஆண்டு வரவுசெலவாகவும் இருந்திருக்கும்.

இந்திய வகுப்பு வேறு மாதிரி. இருபத்தோரு வயது, இருபத்திரண்டு வயது. முந்தைய மே மாதம்வரை இளங்கலை மாணவர்கள். அவர்கள் கண் இரண்டு தேர்வுகள் மேல் இருக்கும். ஒன்று, யூ.பி.எஸ்.சி.; அதில் அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும் சேர்ந்த விருப்பப் பாடத்துக்கு இரண்டு தாள், 500 மதிப்பெண். இன்னொன்று கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட், அதில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். கந்தர்வக்கோட்டைப் பக்கமிருந்து என்னிடம் யோசனை கேட்டு வருகிற பிள்ளைகளின் முதல் கேள்வி, "இதப் படிச்சா யூ.பி.எஸ்.சி.க்கு உதவும்ல சார்?" என்பதுதான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முதல் பட்டதாரியாக வருகிற பிள்ளைக்கு இரண்டு வருடம் என்பது வீட்டில் வராமல்போகிற இரண்டு வருடச் சம்பளம். ஆனால் தேர்வுக்காகப் படிக்கிறபோது ஒவ்வொரு பிரச்சினையும் சாதகம், பாதகம், முன்னோக்கிய வழி என்று மூன்று தலைப்புக்குள் சுருங்கிவிடுகிறது. நான் திருத்திய விடைத்தாள்களில் கச்சத்தீவும் இந்த மூன்றுக்குள்தான் இருக்கும், காலநிலை மாற்றமும் இந்த மூன்றுக்குள்தான் இருக்கும்.

இலங்கை வகுப்புக்கும் அதன் நோய் உண்டு. பதவி உயர்வுக்குப் புள்ளி வேண்டும், பெயருக்குப் பின்னால் எழுத்து வேண்டும் என்று சேர்கிறவர்கள் குறைவில்லை. அந்நாட்டின் தகைமைச் சட்டகத்தில் ஆய்வேடு எழுதாமல் பாடங்களோடு முடித்துக்கொள்ளும் முதுகலை 9ஆம் நிலை. ஆய்வோடு சேர்ந்தது 10ஆம் நிலை. வேலைக்குப் போகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. அரசாங்க அதிகாரி தன் அமைச்சைப் பற்றித் தெரிந்ததை வகுப்பில் தேநீர் இடைவேளையில் சொல்வார். எழுத்தில் வைக்க மாட்டார். சிறந்த தகவல்கள் அங்கே காற்றோடு போய்விடுகின்றன.

ஒரே புத்தகத்தை இரண்டு கரையிலும் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தால் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். கே.எம். பணிக்கர் 1945-இல் எழுதிய 'இந்தியாவும் இந்தியப் பெருங்கடலும்' இரு நாட்டு வாசிப்புப் பட்டியலிலும் இடம்பெறத் தக்க நூல். கடலைக் கவனிக்காத இந்தியா அடிமைப்பட்டது, இனி கடல்தான் பாதுகாப்பு என்பது பணிக்கரின் வாதம். அதில் இலங்கையும் பர்மாவும் இந்தியப் பாதுகாப்பு வட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. இந்திய மாணவர் இதைத் தொலைநோக்கு என்று அடிக்கோடிடுவார். இலங்கை மாணவர் அதே பக்கத்தின் ஓரத்தில் கேள்விக்குறி போடுவார். இலங்கைப் பிரதமர் டி.எஸ். சேனநாயக்க 1947-இல் பிரிட்டனோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டதற்கு இந்தியாவைப் பற்றிய அச்சமும் ஒரு காரணம் என்று கொழும்பில் பாடம் நடக்கும். திருகோணமலைத் தளத்தையும் கட்டுநாயக்கவையும் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க 1957-இல் பிரிட்டனிடமிருந்து திரும்பப் பெற்றதும், பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க 1971-இல் இந்தியப் பெருங்கடலைச் சமாதான வலயமாக்கும் யோசனையை ஐ.நா.வில் வைத்ததும் அந்தப் பாடத்தின் அடுத்த பக்கங்கள். அங்கே எந்தத் தலைப்பை எடுத்தாலும் இந்தியா உள்ளே வந்துவிடும். இந்திய வகுப்பில் இலங்கை என்பது சீனா, பாகிஸ்தான், அமெரிக்கா எல்லாம் முடிந்தபின் மார்ச் மாதத்தில் அவசரமாக ஓட்டப்படுகிற ஓர் அலகு. தில்லியில் ஊர்மிளா பட்னிஸும் எஸ்.டி. முனியும் இலங்கையை ஆழமாகப் படித்தவர்கள். அது அந்த ஆசிரியர்களின் சொந்த உழைப்பு, பாடத்திட்டத்தின் கொடை என்று சொல்ல முடியாது.

2022 இந்த இரண்டு படிப்பு முறைக்கும் சோதனை வைத்தது. ஏப்ரல் 12 அன்று இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைத்தது. நம் பக்கம் உடனே கிடைத்த விளக்கம் சீனக் கடன் பொறி. இந்திய ஆய்வாளர் பிரம்மா செல்லனி 2017-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த அந்தச் சொல், அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன அதே ஆண்டில் உலகெங்கும் ஒட்டிக்கொண்டது. பயிற்சி மையக் குறிப்புகளிலும் அதுவே விடை. கடன் கட்ட முடியவில்லை, சீனா துறைமுகத்தை எடுத்துக்கொண்டது.

கொழும்புப் பல்கலைக்கழகப் பொருளியல் விரிவுரையாளர் உமேஷ் மொரமுதலி, திலின பண்டுவாவலவோடு சேர்ந்து 2022-இல் வெளியிட்ட ஆய்வு வேறு வேலை செய்தது. அவர்கள் கடன் பதிவேடுகளை வரிவரியாகக் கூட்டினார்கள். இலங்கையின் வெளிக்கடனில் சீனாவின் பங்கு பத்து விழுக்காடு அளவு என்று அதுவரை சொல்லப்பட்டுவந்தது. ஆனால் சீனா எக்ஸிம் வங்கி கொடுத்த கடன்களில் சில மத்திய அரசின் கணக்கில் இல்லாமல், மின்சார சபை, துறைமுக அதிகார சபை போன்ற அரசு நிறுவனங்களின் பெயரில் பதிவாகியிருந்தன. நுரைச்சோலை அனல் மின் நிலையம் போன்ற திட்டங்களின் கடன் அந்த வழியில் பார்வைக்குத் தப்பியது. எல்லாவற்றையும் கூட்டினால் 2021 முடிவில் சீனாவின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. அதுவரை சொல்லப்பட்டதைப்போல இரண்டு மடங்கு. சரி, கடன் பொறி நிரூபணமாகிவிட்டதா? அங்கேதான் விஷயம். 2007-இல் 50 கோடி டாலரில் தொடங்கிய பன்னாட்டு இறையாண்மைப் பத்திரங்கள், தவணை தவறிய நேரத்தில் அரசின் வெளிக்கடனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தன. அவற்றைப் பெரும்பாலும் வைத்திருந்தவை மேற்கத்திய நிதி நிறுவனங்கள். வட்டி அதிகம், தவணைக் காலம் குறுகல், மொத்தமாக முதிர்கிறபோது மொத்தமாகக் கட்ட வேண்டும். அம்பாந்தோட்டைக் குத்தகையில் வந்த 112 கோடி டாலரும் அந்தத் துறைமுகத்தின் கடனை அடைக்கப் போகவில்லை; டாலர் கையிருப்பு வறண்டிருந்த நேரத்தில் அது வந்து சேர்ந்தது, துறைமுகக் கடன் அப்படியே நின்றது.

இந்த ஆய்வில் கோட்பாட்டுப் பெயர்கள் அதிகம் இல்லை. எந்த நிறுவனத்தின் பெயரில் கடன் ஏறியது, எந்த ஆண்டில் முதிர்கிறது, எத்தனை விழுக்காடு வட்டி என்பவைதான் இருக்கின்றன. வரிசையில் நின்று எரிவாயு சிலிண்டர் வாங்கிய ஊரில் படிக்கிறவர்களுக்கு அந்தக் கேள்விகள் தாமாக வரும். அந்த ஆண்டில் இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்கு உதவி, கடன் வசதி, கடன் ஒத்திவைப்பு எல்லாம் கொடுத்தது. 2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இந்திய உதவியின் நிபந்தனை என்ன, பயன் என்ன, திருகோணமலை எண்ணெய்க் குதங்கள் பற்றிய 2022 ஜனவரி ஒப்பந்தத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று இலங்கையில் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் எந்த முதுகலை வகுப்பிலாவது இந்தக் கேள்விக்கு ஒரு முழுப் பருவம் ஒதுக்கினார்களா?

யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு வசதி உண்டு. பள்ளி இறுதியான உயர்தரத்தில் அரசறிவியலும் பொருளியலும் தமிழில் படிக்கலாம். வடக்கிலும் கிழக்கிலும் பல கலைப் பாடங்களைத் தமிழிலேயே பட்டம்வரை கொண்டுபோகலாம். அதற்கேற்ற வாசகர் கூட்டமும் அங்கே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக அரசறிவியல் பேராசிரியர் கே.ரி. கணேசலிங்கம் பூகோள அரசியலைத் தமிழ்ப் பத்திரிகைகளில் தொடர்ந்து எழுதுகிறார்; அதே பல்கலைக்கழகத்தின் அகிலன் கதிர்காமர் நெருக்கடியின் அரசியல் பொருளாதாரத்தை எழுதுகிறார். யுத்தம் நடந்த மண்ணில் வாஷிங்டனும் தில்லியும் பெய்ஜிங்கும் என்ன நினைக்கின்றன என்பது வீட்டுச் செய்தி. நம் பக்கத்தில் அந்த இடத்தைத் தொலைக்காட்சி விவாதமும் யூடியூபும் பிடித்துக்கொண்டன; பேராசிரியர்கள் ஆங்கில ஆய்விதழோடு ஒதுங்கிவிட்டார்கள்.

கந்தர்வக்கோட்டையில் தமிழ் வழியில் படித்து, புதுக்கோட்டையிலோ தஞ்சாவூரிலோ பட்டம் வாங்கிய ஒருவர் தில்லிக்குப் போக வேண்டுமானால் 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். இளங்கலைக்கான அந்தத் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் எழுதலாம். முதுகலைக்கு, மொழிப் பாடங்கள் நீங்கலாக, வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த உரிமை பட்டம் வாங்கியதும் எப்படிப் பறிபோனது என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. உள்ளே போய்விட்டால் கல்விக் கட்டணம் சொற்பம், ஜே.என்.யூ.வில் அது வருடத்துக்குச் சில நூறு ரூபாய். விடுதிக் கட்டணத்தை உயர்த்தப்போய் 2019-இல் எவ்வளவு பெரிய போராட்டம் நடந்தது என்பது நினைவிருக்கும். அந்தப் போராட்டத்தைக் கிண்டல் செய்தவர்களுக்கு, கொழும்பு முதுகலையின் கட்டணச் சீட்டைக் காட்ட எனக்கு ஆசை. படிப்பின் விலையைச் சம்பளக்காரர் அளவுக்கு ஏற்றிவிட்டால், கந்தர்வக்கோட்டை முந்திரிக் கொட்டகைப் பிள்ளை வகுப்புக்கு வெளியில்தான் நிற்க வேண்டும். சனிக்கிழமையும் அவருக்கு வேலை நாள்தான். இலங்கை வகுப்பறையின் கலவையும் இந்தியக் கட்டணமும் சேர்ந்து கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டும் சேராது என்று நிர்வாகம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். மாலைக் கல்லூரி நடத்திய நாடு நம்முடையது, ஏன் சேராது?

சென்னையில் வாய்ப்பு இல்லாமல் இல்லை. ஸ்டெல்லா மாரிஸில் பன்னாட்டு உறவுகள் முதுகலை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு ஆய்வுத் துறை இருக்கிறது. கோட்டூரில் 1990-களில் ராஜா செல்லையா தொடங்கிவைத்த மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. கர்நாடகத்தின் மணிப்பாலில் புவிசார் அரசியல் என்ற பெயரிலேயே தனித்துறை உண்டு, தனியார் கட்டணம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தெற்கு, தென்கிழக்காசிய ஆய்வு மையத்தை உருவாக்கிய வி. சூரியநாராயணன்தான் கச்சத்தீவையும் பாக் விரிகுடா மீனவர் பிரச்சினையையும் 1994-இல் தனி நூலாக எழுதியவர். தில்லியில் இருந்து பார்த்தால் அது இருதரப்பு உறவின் ஓர் உறுத்தல். சென்னையிலிருந்து பார்த்ததால் அது மக்களின் பிழைப்பாகத் தெரிந்தது.

எங்கள் மாவட்டத்துக்கே கடற்கரை இருக்கிறது என்பதை வெளியூர்க்காரர்கள் மறந்துவிடுவார்கள். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுத் தளங்கள். 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன ஒரு படகு நடுக்கடலில் மூழ்கி நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த இலங்கைத் தமிழர். தப்பிக்கும்போது எங்கள் கப்பலில் மோதியது என்றது இலங்கைக் கடற்படை. இடித்து மூழ்கடித்தார்கள் என்றார்கள் மீனவர்கள். எதிர்க்கரைக் கதை வேறு. போர்க்காலத்தில் கடலுக்குப் போக முடியாமல் முடங்கிய வடக்கு மீனவர் 2009-க்குப் பிறகு கடன் வாங்கி வலை போட்டார். அதை நம் இழுவைப்படகு அறுத்துக்கொண்டு போனது. இலங்கை 2017-இல் இழுவைமடித் தொழிலையே சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டில் இந்தியா, பாக் விரிகுடாவின் இழுவைப்படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்றும் திட்டத்தை அறிவித்தது. இரண்டாயிரம் படகு என்ற இலக்கின் பக்கத்தில்கூட அது போகவில்லை. இழுவைப்படகு இங்கே பெருகியதற்கு வெளிநாட்டு இறால் சந்தைதான் காரணம் என்பதையும் சேர்த்தால், புவிசார் அரசியலும் உலகப் பொருளாதாரமும் ஒரே வலையில் சிக்கியிருக்கின்றன. ஒரு முதுகலை மாணவருக்கு இதைவிட நல்ல ஆய்வுப் பொருளைப் புதுக்கோட்டை எங்கே போய்த் தேடிக் கொடுக்கும்?

இரு கரை ஆய்வாளர்களும் சேர்ந்து இதைப் பார்த்தது உண்டு. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், யாழ்ப்பாணம், ருகுணு பல்கலைக்கழகங்கள், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம் ஆகியவை 2010-களில் கூட்டாக ஆய்வு செய்தன. பணம் நெதர்லாந்திலிருந்து வந்தது. இருபது முப்பது மைல் கடலுக்கு இரு பக்கமும் இருக்கிற தமிழர்கள் ஒரு மேசையில் உட்கார ஒல்லாந்தர் காசு வேண்டியிருந்தது. பழைய வரலாறு தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

முழுநேரமாக ஒரே வகுப்பில் உட்கார ஓர் இடம் இருக்கிறது. சார்க் நாடுகள் எட்டும் சேர்ந்து 2010-இல் தில்லியில் தொடங்கிய தெற்காசியப் பல்கலைக்கழகம். பன்னாட்டு உறவுகளில் முதுகலை அங்கே உண்டு. ஆனால் சார்க் உச்சி மாநாடு 2014 காத்மாண்டுவுக்குப் பிறகு கூடவே இல்லை; 2016-இல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது ரத்தானது. பெற்றோர் பேசிக்கொள்ளாத வீட்டுப் பிள்ளைபோல அந்தப் பல்கலைக்கழகம் வளர்கிறது. தொடக்க காலம் முதல் அங்கே பணியாற்றிய இலங்கைப் பேராசிரியர் சசங்க பெரேரா, காஷ்மீர் பற்றிய ஒரு முனைவர் பட்ட ஆய்வு முன்மொழிவில் நோம் சோம்ஸ்கியின் விமர்சனம் இடம்பெற்றதையொட்டி எழுந்த பிரச்சினையில் 2024-இல் வெளியேறினார். எந்த அண்டை நாட்டைப் பற்றிப் படிக்கிறோமோ அந்த நாட்டு ஆசிரியர் வகுப்பில் இருப்பதுதான் அங்கே பெரிய வசதி. அதுவும் இப்படிக் குறைகிறது.

இத்தனைக்குப் பிறகும், கேட்டு வருகிற பிள்ளைகளை விண்ணப்பிக்கத்தான் சொல்கிறேன். தில்லியோ சென்னையோ, எங்கே இடம் கிடைத்தாலும் ஆய்வேட்டுக்கு மூன்று கேள்வியை எடுத்துக்கொண்டு போகட்டும். கோட்டைப்பட்டினத்து இறால் எந்தத் துறைமுகம் வழியாக எந்த நாட்டுக்குப் போகிறது? அதைப் பிடிக்கப் போகிற படகுக்கு அரசு டீசல் மானியம் எவ்வளவு? அந்த இழுவையில் அறுபட்ட பருத்தித்துறை வலையின் விலை என்ன? முதல் இரண்டுக்கும் இங்கிருந்தே தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். மூன்றாவதற்கு நேரில் போக வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பல் நின்று, மறு ஆண்டு ஆகஸ்ட்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. நான்கு மணி நேரப் பயணம். ஐப்பசி, கார்த்திகையில் கடல் மோசமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள். பல்கலைக்கழகப் பருவ அட்டவணையோடு அதையும் பார்த்துத்தான் களப்பணிக்கு நாள் குறிக்க வேண்டும். தை பிறந்த பிறகு போவது நல்லது.